28 லைட்டை எந்தச் சூட்டில் வைப்பது?

கல்லடிக் கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்குச் சோலார் லைட் செய்து பூட்டிக் கொடுக்கிறோம். மாலை ஆறுக்கு எரிய ஆரம்பித்துக் காலை ஆறுக்கு அணையும், அப்படிப் பார்த்தால் மூன்று வருஷத்துக்கு 13,140 மணித்தியாலம். மூன்று வருஷ உத்தரவாதம் எழுதலாமா என்று அறிய மூன்று வருஷம் காத்திருக்க முடியாது, அதனால்தான் சூட்டுப்பெட்டிக்குள் வைத்து வேகமாக வயதாக்கிப் பார்க்கும் சோதனை. கையில் இருப்பது 28 லைட். இதைச் செய்ய மூன்று வழி உண்டு. எந்தச் சூட்டில் எத்தனை வைப்பது, எவ்வளவு நேரம் வைப்பது என்பதில்தான் அவை பிரிகின்றன.

முதலாவது, ஒன்றும் பழுதாகாவிட்டால் பாஸ் என்கிற சோதனை. 22 லைட்டை மூன்று வருஷத்துக்குச் சமமான நேரம் எரியவிட்டு ஒன்றுமே போகவில்லை என்றால், பத்தில் ஒன்பது லைட்டாவது மூன்று வருஷம் தாங்கும் (90 சதவீத நம்பகத்தன்மை) என்று 90 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். சரி, அந்தச் 'சமமான நேரம்' எவ்வளவு? சூடு கூடினால் வயதாகும் வேகம் எவ்வளவு கூடும் என்று சொல்வது அரீனியஸ் சூத்திரம். அந்தக் கூடுதலைத் தீர்மானிக்கும் எண்ணான ஏவற்சக்தியை (activation energy) அதில் 0.7 இலத்திரன்வோல்ட் என்று போட்டால், 35 பாகை செல்சியஸில் எரியும் லைட் 85 பாகையில் 40 மடங்கு வேகமாக வயதாகும், இரண்டு கிழமையில் வேலை முடிந்துவிடும். உண்மையில் அது 0.5 என்றால் வேகம் 14 மடங்குதான். அப்போது அந்த இரண்டு கிழமையில் நாம் காட்டியது ஒரு வருஷத்தைக் கொஞ்சம் தாண்டும், ஆனால் மூன்று வருஷம் என்று அட்டை எழுதிக் கொடுத்தாயிற்று. இந்த வழியை நான் விட்டதே இதனால்தான்.

இரண்டாவது, மீக்கர், ஹான் என்ற புள்ளிவிபரவியலாளர்கள் 1985இல் எழுதிய 4:2:1 பங்கீடு. 65 பாகையில் 16, 75இல் 8, 85இல் 4. சூடு குறைந்தால் பழுதும் குறைவாகத்தான் வரும், அதனால் அங்கே கூட வைக்கிறோம். மூன்று மட்டம் இருப்பதால், அரீனியஸ் வரைபில் சூட்டையும் ஆயுளையும் இணைக்கும் கோடு நேராகப் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். நல்ல திட்டம். ஆனால் அந்த 65, 75 என்ற இடங்களைப் பிடிக்க ஏவற்சக்திக்கு ஒரே ஓர் எண்ணை முதலிலேயே ஊகிக்க வேண்டும், ஊகம் பிழைத்தால் அந்த 16 லைட்டும் சோதனைக்கு ஒதுக்கிய 42 நாளும் பழுதே வராமல் சும்மா எரிந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது பேயசியன் வழி, அதாவது முன்பே தெரிந்ததையும் கணக்கில் சேர்க்கும் புள்ளிவிபர முறை. ஷாங்கும் மீக்கரும் 2006இல் இதை விரிவாக எழுதினார்கள். இங்கே ஓர் எண் கேட்பதில்லை, ஏவற்சக்தி 0.5இலிருந்து 0.9 வரை எங்கும் இருக்கலாம் என்று ஒரு முன்பரம்பல் (சோதனைக்கு முன் நாம் நினைக்கும் வீச்சு, prior) கொடுத்தால் போதும். அந்த முழு வீச்சிலும் சராசரியாக எந்தத் திட்டம் முடிவின் மாறற்றிறனை (variance, முடிவில் எஞ்சும் தளம்பலை) அதிகம் குறைக்கிறது என்று கணக்குத் தேடும். ரிப்பேர் கடை அறிவுக்கும் இதில் இடம் உண்டு. கல்முனையில் கடை வைத்திருக்கிற மச்சானிடம் கேட்டேன். மூடி வீங்கிய கப்பாசிட்டர் ஒன்றை மேசையில் உருட்டிவிட்டுச் சொன்னான்: "இது சூட்டில போனது மச்சான், ரெண்டு வருசமாவது ஆகும். ஒரு மாரியோட வாறதெல்லாம் உப்புக்காத்து, கால் பச்சையாக் கிடக்கும் பாரு." அதாவது சூட்டுச் சோதனை கப்பாசிட்டருக்கு மட்டும்தான், உப்புக்காற்றுக்கு வேறு சோதனை வேண்டும். இது எந்தச் சூத்திரத்திலும் இருக்கவில்லை.

இந்த வழியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, அதை நேரே சொல்லிவிடுகிறேன். ஏவற்சக்தி 0.7தான் என்று முன்பரம்பலை ஒடுக்கிவிட்டால், கணக்கு கிட்டத்தட்ட எல்லா லைட்டையும் 85 பாகைக்கே அனுப்பும், ஏனென்றால் அங்கேதான் பழுது அதிகம் வரும். அப்புறம் 0.7 பிழை என்று காட்ட ஒரு லைட்டும் மிஞ்சாது. அதனால் திட்டம் போட மச்சானின் அறிவைச் சேர்ப்பேன், முடிவைக் கணிக்கும்போது அகலமான முன்பரம்பலையே வைப்பேன். கணக்கு என்ன சொன்னாலும் 65 பாகையில் எட்டு லைட்டாவது இருக்கும்.