வலிப்புக்குப் பிறகு தோள் வலித்தால் ஒரே எக்ஸ்ரேயோடு திரும்பிவிடாதீர்கள்

என் தம்பிக்கு வலிப்பு உண்டு. போன தை மாதம் மாத்திரை விட்டுப்போய், ஒரு ராத்திரி பெரிதாக வந்தது. விடிந்ததும் வலது தோளைத் தொடவே விடவில்லை. பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனையில் முன்பக்கமாக ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு உடையல, சதைப்பிடிப்புதான்" என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்தும் கை உடம்போடு ஒட்டியே இருந்தது. மறுபடி போனோம். சட்டையைக் கழற்றச் சொல்லாமலே அதே டாக்டர் "ஃப்ரோசன் ஷோல்டர்", அதாவது தோள் மூட்டு இறுகிப்போயிருக்கிறது என்றார். நாளுக்கு 400 ரூபாய், 15 நாள் பிசியோதெரபி. கையை இழுத்துத் திருப்பும்போது பல்லைக் கடித்துக்கொண்டு அழுவான். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

அப்புறம் ஒரு நாள் கோயிலில் திருநீறு வாங்கக் கை நீட்டினான். உள்ளங்கை மேல்பக்கம் திரும்பவே இல்லை. இடது கையை நீட்டவும் மனசு வராமல் அப்படியே நின்றான். அம்மாதான் வாங்கிப் பூசிவிட்டார்.

மறுநாளே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அங்கே எலும்பு டாக்டர் முதலில் இரண்டு தோளையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் பார்த்தார். வலது தோள் முன்னால் தட்டையாகவும் பின்னால் புடைத்தும் இருந்தது. முழங்கையை இடுப்போடு வைத்து, கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். துளிகூட முடியவில்லை. அக்குள் பக்கமாக ஒரு எக்ஸ்ரே, பிறகு சி.டி. ஸ்கேன். கை எலும்பின் பந்து மாதிரியான தலை, அது உட்காரும் கிண்ணம் மாதிரியான குழியிலிருந்து பின்பக்கமாக நழுவி, கிண்ணத்தின் விளிம்பில் சிக்கி, நசுங்கியிருந்தது.

தோள் பெரும்பாலும் முன்பக்கம்தான் நழுவுமாம். பின்பக்கம் போவது நூற்றில் 2 முதல் 4 பேருக்குத்தான். வலிப்பிலும் கரண்ட் ஷாக்கிலும் கையை உள்ளே திருப்பும் பெரிய தசைகள் ஒரேயடியாக இறுகி, பந்தைப் பின்னால் தள்ளிவிடுகின்றன. முன்பக்க எக்ஸ்ரேயில் அது ஏறக்குறைய சரியாக இருப்பதுபோலவே தெரியும். எங்கள் பழைய பிலிமை வெளிச்சத்தில் பிடித்து, பந்து எலும்பு குண்டு பல்பு மாதிரி உருண்டையாகத் தெரிவதைக் காட்டினார். அந்த அடையாளம் முதல் நாளே அதில் இருந்திருக்கிறது.

அன்றைக்கே கண்டுபிடித்திருந்தால் மயக்கம் கொடுத்து, கத்தி வைக்காமலே மூட்டைச் சேர்த்திருக்கலாம். இப்போது ஆபரேஷன் செய்து, நசுங்கிய பள்ளத்தில் தசைநாரை மாற்றி வைத்திருக்கிறார்கள். கை பாதிதான் திரும்புகிறது.

உங்கள் வீட்டில் வலிப்போ ஷாக்கோ வந்து தோள் வலித்தால், கை வெளிப்பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் அக்குள் பக்கமாக எடுக்கும் எக்ஸ்ரேயும் கேட்டு வாங்குங்கள். அதுவரை கையை யாரும் இழுக்க விடாதீர்கள்.