டெம்பரேச்சர் மீட்டர் மாட்டி எஞ்சினைக் காவு கொடுத்த கதை

என்னுடையது 800 சிசி சின்னக் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாரத்துக்கு மூன்று நாள் கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறி இறங்குகிறேன். இந்த வண்டியில் எஞ்சின் சூட்டைக் காட்ட முள்ளே கிடையாது, எல்லாம் கைமீறிய பிறகு ஒரு சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். லோயர் கேம்ப் தாண்டி நாலு பேரோடு இரண்டாவது கியரில் ஏறும்போதெல்லாம் வயிற்றில் புளியைக் கரைக்கும். அதனால்தான் சரியான ரீடிங் காட்டுகிற மீட்டர் ஒன்றை மாட்டிவிடலாம் என்று எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கார் டெக்கரேஷன் கடைக்குப் போனேன்.

"ஜப்பான் மால்ணே, ஒரு டிகிரி கூடக் குறைய வராது" என்றான் கடைப் பையன். சூடு, ஆயில் பிரஷர், வோல்ட் மூன்றும் சேர்ந்த செட், மாட்டுக்கூலியோடு 6,000 ரூபாய். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தான், நானும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். டேஷ்போர்டில் மூன்று ஓட்டை போட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி நடுவில் ஒரு அலுமினியத் துண்டைச் செருகி, அதில் சென்சாரைத் திருகினான். இரவில் நீல வெளிச்சத்தில் பார்க்க ஜோராகத்தான் இருந்தது.

முதல் வாரம் மலை ஏறியும் முள் 70-ஐத் தாண்டவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எஞ்சின் சூடான பிறகுதான் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வு தெர்மோஸ்டாட், பெரும்பாலான வண்டிகளில் அது திறப்பதே 82, 88 டிகிரி வாக்கில்தான், ஓடிச் சூடான எஞ்சின் மலையில் 70-ல் நிற்க வழியே இல்லை. நானோ வண்டி கூலாக இருக்கிறதே என்று ஏசியை வேறு போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் இரைச்சல் பாலம் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும்போது முள் 70-லிருந்து 60, 50 என்று இறங்கியது. எனக்குச் சந்தோஷம்தான். அடுத்த வளைவில் சிவப்பு விளக்கு எரிந்தது, கூடவே பானட் ஓரமாக ஆவி. வண்டியை ஓரங்கட்டி ஒரு மணி நேரம் ஆறவிட்டு, பிறகு கட்டி இழுத்துத்தான் குமுளிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கிருந்த மெக்கானிக் சேட்டன் பானட்டைத் திறந்ததுமே அந்த அலுமினியத் துண்டைத்தான் பார்த்தார். கிளாம்ப் சரியாக முறுக்காமல் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. கசிந்தால் உள்ளே பிரஷர் நிற்காது, பிரஷர் இல்லாவிட்டால் சீக்கிரமே கொதித்துவிடும். மேல் ஹோஸில் தண்ணீர் வற்றியதும் சென்சார் வெறும் காற்றில் தொங்கியிருக்கிறது, முள் இறங்கியது அதனால்தான். நான் கூல் என்று நினைத்த நேரத்தில் உள்ளே எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வெந்துகொண்டிருந்தது.

"மீட்டரும் பொய் பறையுது, பாக்கணுமா?" என்று சென்சாரைக் கழற்றி, வயரோடு கொதிக்கிற கெட்டிலில் தொங்கவிட்டு, அதன் எர்த்து வயரை அது இருந்த இடத்திலேயே வைத்துக் காட்டினார். குமுளி உயரத்தில் தண்ணீர் 97 டிகிரிக்கே கொதிக்கும். முள் காட்டியது 71. ரப்பர் ஹோஸுக்கு நடுவில் இருக்கிற சென்சாருக்கு எர்த்து தனியாக இழுக்க வேண்டும், அந்தப் பையன் அதைப் பெயின்ட் மேலேயே ஸ்க்ரூ வைத்து முறுக்கியிருக்கிறான். எர்த்து சரியாகப் பிடிக்காவிட்டால் ரெசிஸ்டன்ஸ் கூடும், இந்த வகை மீட்டர் அதைக் குறைந்த சூடு என்று எடுத்துக்கொள்ளும். சேட்டன் பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக ஒரு வயர் கொடுத்தார், 88-க்கு வந்தது. மீதி 9 டிகிரி? சென்சார் இந்த மீட்டரின் ஜோடியே இல்லை, வேறு ஏதோ செட்டிலிருந்து எடுத்துப் போட்டது என்றார். வோல்ட் மீட்டர் மட்டும் ஒழுங்காக வேலை செய்தது, அதைப் பாராட்டவா முடியும்.

ஹெட்டைச் சமமாகச் சீவி பிளேன் அடித்து, கேஸ்கட், புது ஹோஸ், கூலண்ட் எல்லாம் சேர்த்து 14,500 ஆனது. கடைக்காரனிடம் போய்க் கேட்டால், "கேரண்டி மீட்டருக்குத்தாண்ணே, எஞ்சினுக்கு இல்ல" என்றான். சரி, மீட்டரே தப்புத்தானே என்றேன். ஓனர் வெளியூர் போயிருக்கிறாராம். அந்த ஓனர் மூன்று வாரமாக வெளியூரில்தான் இருக்கிறார்.

இப்போது ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக்குகள் ஸ்கேனர் மாட்டி வண்டியைச் சோதிக்கிற இடம்) ஒரு சின்ன ப்ளூடூத் டாங்கிள் செருகி, கம்பெனி சென்சார் சொல்கிற சூட்டையே போனில் பார்க்கிறேன். ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை, ஒரு ஹோஸையும் வெட்டவில்லை. உங்கள் வண்டியில் அந்த சாக்கெட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை, முள் மீட்டர்தான் வேண்டும் என்றால், மாட்டுவதற்கு முன்னால் சென்சாரைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு உங்கள் கண்ணெதிரே ரீடிங் காட்டச் சொல்லுங்கள். போன வாரம் என் மச்சானை அதே கடைக்கு அனுப்பி அப்படிக் கேட்கச் சொன்னேன், "அதெல்லாம் பண்ண மாட்டோம்ணே" என்று செட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்களாம்.