செங்கோட்டையில் ஒரு மாவு மில்: தும்மல் உண்டு, ஆனாலும் போகலாம்

பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற பழைய மில். உட்கார பெஞ்சு கிடையாது, ஜிபே கிடையாது, மதியம் ஷட்டரை இறக்கிவிட்டால் மூன்றரை வரைக்கும் தெருவில் நிற்க வேண்டியதுதான். மிளகாய் வத்தல் ஓடும்போது உள்ளே போகாதீர்கள்.

அம்மா மாசியில் இறந்துபோனாள். எனக்கு 23. அவள் கடைசியாகத் திரித்த குழம்புப்பொடியை ஒரு கரண்டி போடுகிற இடத்தில் அரைக்கரண்டி போட்டு ஆனி வரைக்கும் இழுத்தோம், குழம்பு வெளிறிப்போய் இருக்கும், நானும் அப்பாவும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவோம். அப்புறம் பாக்கெட் பொடி வாங்கினோம். காயம் தூக்கல், அப்பா தட்டைத் தள்ளிவைத்துவிட்டார்.

அம்மா பொடிக்கணக்கை எங்கேயும் எழுதிவைக்கவில்லை. புனலூர்க்காரி. மீட்டர் கேஜ் ரயிலில் மலை தாண்டி வாக்கப்பட்டு வந்தவள், 2010-ல் அதை நிறுத்தி 2018-ல் அகலப்பாதையாக மறுபடி விடுகிற வரைக்கும் ஆரியங்காவு வளைவுகளில் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே பிறந்த வீட்டுக்குப் போய்வந்தவள். அந்தப் பக்கத்துக் கணக்கையும் எங்கள் ஆச்சி கணக்கையும் கலந்து ஏதோ செய்வாள். நான் குத்துமதிப்பாக மல்லி ஒரு கிலோ, வத்தல் அரைக்கிலோ, பருப்பு, சீரகம், மிளகு கொஞ்சம், மஞ்சள் என்று தூக்கிக்கொண்டு போனேன்.

மில் அண்ணாச்சி பைக்குள் கையை விட்டு அளைந்தார். ஒரு வத்தலை எடுத்து ஒடித்தார், ஒடியாமல் வளைந்தது. "இன்னும் ஒரு வெயில் வேணும் தம்பி, இப்பத் திரிச்சா சல்லடையில அப்பிக்கிடும். வெந்தயம் எங்க? ஒங்க அம்மா தனிப் பொட்டலமால்லா கொண்டாருவாங்க. மிளகும் பத்தாது, பையனுக்கு இழுப்புன்னு கூடத்தான் போடுவாங்க."

எனக்கு இழுப்பு பத்து வயதோடு நின்றுவிட்டது. மிளகை அவள் குறைக்கவே இல்லை போலிருக்கிறது.

சாரல் நேரத்தில் செங்கோட்டையில் வெயிலுக்கு எங்கே போவது? மொட்டை மாடிக்கும் வீட்டுக்குமாக நாலு நாள் வத்தலை வைத்துக்கொண்டு ஓடி, கடைசியில் வாணலியில் லேசாகப் புரட்டி எடுத்துப் போனேன். அண்ணாச்சி முதலில் ஒரு பிடி அரிசியை ஓட்டி, முந்தின ஆளின் பொடியை வெளியே தள்ளிவிட்டுத்தான் எங்களுடையதைப் போட்டார். இது எல்லா மில்லிலும் நடக்காது. பொடி சுடச்சுட விழுந்ததும் பையைக் கட்டப்போனேன், ஒரு அதட்டுப் போட்டார், பேப்பரில் பரத்தி ஆறவிட்டுத்தான் அடைக்கணுமாம், இல்லையென்றால் வேர்த்துக் கட்டிபிடித்துவிடும்.

கூலிக்குச் சில்லறை கொண்டுபோங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலை நான் கழுவவில்லை, அடியில் ஒட்டியிருந்ததோடு சேர்த்துப் புதுசையும் கொட்டிவிட்டேன்.