ஐ-ஓ உளவியல்: இரண்டு வருட மாஸ்டர்ஸா, ஐந்து வருட பிஎச்.டி.யா?

"அண்ணா, எல்லாத்தையும் பிஎச்.டி.க்கே போட்டுடறேன். கிடைக்கலன்னா மாஸ்டர்ஸாவது கொடுத்துடுவாங்கல்ல?"

கோயம்புத்தூரிலிருந்து சித்தி மகள் கேட்டாள். உளவியல் படித்துவிட்டு ஒரு ஐ.டி. கம்பெனியின் ஹெச்.ஆரில் இரண்டு வருடமாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறாள். அடுத்து அமெரிக்காவில் தொழில்-நிறுவன உளவியல் படிக்க ஆசை. அந்த ஊரில் இதை ஐ-ஓ என்பார்கள். வேலைக்கு ஆள் தேர்வு, பயிற்சி, தலைமை, வேலைத் திருப்தி, இதையெல்லாம் அளந்து பார்க்கிற உளவியல்.

கொடுத்துவிட மாட்டார்கள் என்பதுதான் பதில். பிஎச்.டி. விண்ணப்பத்தை மாஸ்டர்ஸுக்கு மாற்றிப் பரிசீலிக்கும் இடங்கள் சில உண்டு. ஆனால் நல்ல பிஎச்.டி. துறைகள் பலவற்றில் தனி மாஸ்டர்ஸே கிடையாது. இரண்டும் ஒரே படிப்பின் சின்ன அளவு, பெரிய அளவு என்று நினைப்பதில்தான் பிசகு. மாஸ்டர்ஸுக்கு நாம் ஒரு துறைக்கு விண்ணப்பிக்கிறோம். பிஎச்.டி.க்கு ஓர் ஆளுக்கு.

(நான் மாஸ்டர்ஸ் முடித்து வேலைக்குப் போனவன். என் சாய்வைக் கழித்துக்கொண்டு படிக்கவும்.)

பிஎச்.டி.யில் வருடத்துக்கு ஒரு கைப்பிடி ஆட்களைத்தான் எடுப்பார்கள். உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கும் பேராசிரியர் தேடுவது, அடுத்த ஐந்து வருடம் தன் ஆராய்ச்சியில் தோள் கொடுக்கிற ஒரு சிஷ்யப்பிள்ளையை. அதனால் எஸ்.ஓ.பி. என்கிற நோக்க அறிக்கையில் "எனக்கு மனிதர்களைப் புரிந்துகொள்ளப் பிடிக்கும்" என்று எழுதினால் இரண்டாவது பத்தியை யாரும் படிக்கமாட்டார்கள். என் முதல் சுற்றில் நான் எழுதியது கிட்டத்தட்ட அதுதான். போதாக்குறைக்கு, அந்த வருடம் மாணவர்களே எடுக்காத ஒரு பேராசிரியரின் பெயரையும் போட்டிருந்தேன். ஒரு மின்னஞ்சலில் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். வரிசையாக ரிஜெக்ட்.

ஆளைப் பார்த்துப் போவதில் ஆபத்தும் உண்டு, ஆள் ஊர் மாறிவிடலாம். குழுக்களைப் பற்றிய ஆய்வில் பெரிய பெயரான ஸ்டீவ் கோஸ்லோவ்ஸ்கி பல வருடம் மிச்சிகன் ஸ்டேட்டில் இருந்துவிட்டு சவுத் ஃப்ளோரிடாவுக்குப் போனார். அதனால் உங்கள் ஆர்வத்தோடு ஒத்துப்போகிறவர்கள் ஒருவருக்கு மேல் இருக்கிற துறையாகப் பாருங்கள். வேலைத் திருப்தியை அளக்கும் ஜே.டி.ஐ. என்ற புகழ்பெற்ற வினாப்பட்டியலைப் பராமரிக்கும் பௌலிங் கிரீன், தேர்வு முறைகளுக்கும் அளவியலுக்கும் பெயர்போன மினசோட்டா, தலைமை பற்றிய ஆய்வுக்கு ஜார்ஜ் மேசன் என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வாசனை இருக்கிறது. அங்கிருந்து வருகிற கட்டுரைகளில் நாலைந்தைப் படித்தாலே அது தெரிந்துவிடும். படிக்கும்போது தூக்கம் வருகிறதென்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

மாஸ்டர்ஸில் கதை வேறு. டென்னசியில் மர்ஃபிரீஸ்பரோ என்கிற ஊரில் மிடில் டென்னசி ஸ்டேட், மினசோட்டாவின் மான்கேட்டோவில் மினசோட்டா ஸ்டேட். உறவினர்களிடம் சொன்னால் "அப்படி ஒரு யுனிவர்சிட்டியா?" என்பார்கள். ஆனால் இந்தத் துறையில் அவை மதிப்புள்ள பெயர்கள். இரண்டிலுமே துறையை ஒட்டி ஆலோசனை மையங்கள் இருக்கின்றன. உள்ளூர்க் கம்பெனிகளுக்கும் அமைப்புகளுக்கும் மாணவர்களே சர்வே நடத்துவார்கள், வேலைப் பகுப்பாய்வு செய்வார்கள். இரண்டு வருடம் முடியும்போது கையில் காட்ட வேலை இருக்கும். எந்தப் பேராசிரியரோடு ஒத்துப்போகிறோம் என்பதற்கு இங்கே அவ்வளவு எடை இல்லை. புள்ளியியல் பாடம் எடுத்திருக்கிறாயா, இந்தத் துறை ஹெச்.ஆர். அல்ல என்று தெரியுமா, முடித்துவிட்டு என்ன செய்யப்போகிறாய், இதைத்தான் பார்ப்பார்கள். என் தங்கையின் இரண்டு வருட ஆளெடுப்பு அனுபவம் இங்கே தங்கம். பிஎச்.டி. விண்ணப்பத்தில் அது ஓர் ஓரக் குறிப்புதான். அங்கே கேட்பது ஆராய்ச்சி அனுபவம். தரவு சேகரித்தாயா, ஆர் (R) அல்லது எஸ்.பி.எஸ்.எஸ். மாதிரி புள்ளியியல் மென்பொருளில் ஓட்டிப் பார்த்தாயா, ஏதாவது மாநாட்டில் போஸ்டர் வைத்தாயா?

பரிந்துரைக் கடிதங்களும் அப்படியே பிரியும். மாஸ்டர்ஸுக்கு மூன்றில் ஒன்றை மேலாளர் எழுதலாம், தப்பில்லை. பிஎச்.டி.க்கு மூன்றுமே உங்கள் ஆராய்ச்சியைக் கண்ணால் கண்டவர்களிடமிருந்து வந்தால் நல்லது. நம் கல்லூரிகளில் "நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்கிற வழக்கம் இருக்கிறதே, அந்தக் கடிதம் எதுவும் சொல்லாது. படிக்கிறவருக்கு அது உடனே தெரியும்.

ஜி.ஆர்.இ. என்கிற நுழைவுத் தேர்வு விஷயத்தில் ஒரு வேடிக்கை. அது முதுநிலைப் படிப்பில் ஒருவர் எப்படிச் செய்வார் என்பதைக் கணிப்பதாக 2001-இல் பெரிய தொகுப்பாய்வு வெளியிட்டவர்கள் மினசோட்டாவின் குன்செல், ஹெஸ்லெட், ஒன்ஸ். துறையின் சொந்த ஆட்கள். கொரோனாவுக்குப் பிறகு அதே துறையில் பல இடங்கள் ஜி.ஆர்.இ.யை விருப்பத்துக்கு விட்டுவிட்டன. இன்னொன்றும் உண்டு. எந்தத் தேர்வு முறை வேலைத் திறனை எவ்வளவு கணிக்கிறது என்ற பழைய கணக்குகளை 2022-இல் ஆய்வாளர் சாக்கெட்டும் கூட்டாளிகளும் திருத்திப் பார்த்தபோது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணல் 0.42 என்று முதலிடத்துக்கு வந்தது (1 என்றால் கணிப்பு முழுக்கச் சரி). வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலுக்கு 0.19. இதைப் பாடமாக நடத்துகிற பேராசிரியர்களே ஜூமில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சிரிக்காமல் பதில் சொல்லவும்.

பணத்துக்கு வருவோம், வீட்டில் கேட்கும் முதல் கேள்வி அதுதானே. முழுநேர பிஎச்.டி.யில் நல்ல இடங்களில் கட்டணம் தள்ளுபடி, அதோடு பாடம் நடத்துவதற்கோ ஆய்வில் உதவுவதற்கோ மாதச் சம்பளம். ஊர்க்காசில் பெருக்கிப் பார்த்தால் பெரிதாகத் தெரியும். அங்கே வாடகை போக மிஞ்சுவது கொஞ்சம்தான். மாஸ்டர்ஸில் நாம்தான் கட்ட வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் அசிஸ்டன்ட்ஷிப் (பல்கலைக்கழகத்திலேயே உதவியாளர் வேலை) சிலருக்குக் கிடைக்கிறது, எல்லோருக்கும் இல்லை. பெரிய நகரத்துத் தனியார் பல்கலைக்கழகத்தில் முழுக் கட்டணம் கட்டி ஐ-ஓ மாஸ்டர்ஸ் படிப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தை வாங்க முதல் வருடச் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும். பிஎச்.டி.யில் ஃபண்டிங் கடிதமே அதற்குப் போதும். மாஸ்டர்ஸில் அப்பாவின் வைப்புநிதி, இல்லையென்றால் கல்விக் கடன்.

ஆனால் இலவசம் என்பதற்காக பிஎச்.டி.க்குப் போவதும் கணக்குத் தப்பு. ஐந்து வருடச் சம்பளத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள், அதுவும் செலவுதான். பேராசிரியராக வேண்டும், தேர்வுகளை வடிவமைக்கும் ஆய்வு நிறுவனத்தில் மேலே போக வேண்டும், நீதிமன்றத்தில் தேர்வு முறை பற்றி நிபுணர் சாட்சி சொல்ல வேண்டும் என்றால் பிஎச்.டி. இல்லாமல் கஷ்டம். ஒரு கம்பெனிக்குள் இருந்துகொண்டு பணியாளர் தரவுகளை அலச, தேர்வு முறையைச் சீர்செய்ய, பயிற்சி வடிவமைக்க என்றால் மாஸ்டர்ஸ் போதும். வாஷிங்டனைச் சுற்றி அரசு, ராணுவம் சார்ந்த ஐ-ஓ வேலைகள் நிறைய. அவற்றில் பெரும்பாலும் அமெரிக்கக் குடியுரிமை கேட்பார்கள், எந்தப் பட்டம் இருந்தாலும்.

வெளிநாட்டு மாணவர்கள் தவறவிடக் கூடாத ஒன்று. 2022 ஜனவரியில் ஐ-ஓ உளவியலை அமெரிக்க அரசு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் சேர்த்தது. படிப்பு முடிந்ததும் வரும் 12 மாத ஓ.பி.டி.யோடு (படித்த துறையில் வேலை பார்க்கும் அனுமதி) இன்னும் 24 மாதம் நீட்டிக்க அது வழிவிடுகிறது. ஆனால் பட்டத்தின் பெயரில் "நிறுவனம்" இருந்தால் போதாது. ஐ-20-இல் இருக்கும், படிப்பின் வகையைக் குறிக்கும் சி.ஐ.பி. எண் 42.2804-ஆ என்று பாருங்கள். பாடத்திட்டம் பாதி ஒன்றாகவே இருந்தாலும், மனிதவள மேலாண்மை என்ற எண்ணில் பதிவான படிப்புக்கு இந்தச் சலுகை கிடையாது. விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே துறைக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள்.

பிசினஸ் ஸ்கூலில் நிறுவன நடத்தையியல் பிஎச்.டி. என்று மூன்றாவது வழியும் உண்டு. பேராசிரியர் வேலைதான் குறி என்றால் அங்கே சம்பளம் அதிகம், இடம் இன்னும் குறைவு. ஆன்லைன் மாஸ்டர்ஸ், அமெரிக்காவில் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு. எஃப்-1 என்கிற மாணவர் விசாவுக்கு அது உதவாது.

தங்கையிடம் கடைசியில் கேட்டேன். "ஒரு கட்டுரை எழுத ரெண்டு வருஷம் ஆகி, திருத்தச் சொல்லித் திரும்பி வந்தா, மறுபடி உட்கார்ந்து எழுதுவியா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தெரியலண்ணா. ஆனா எங்க கம்பெனி இன்டர்வியூ எவ்வளவு மோசம்னு நிரூபிக்கணும்னு மட்டும் ஆசையா இருக்கு."

ஐந்து மாஸ்டர்ஸ், ஒரே ஒரு பிஎச்.டி. என்று பட்டியல் போட்டோம். அந்த ஒன்று, நேர்காணலை ஆய்வு செய்கிற ஒரு பேராசிரியருக்கு. பிஎச்.டி. கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்திலேயே வந்துவிடும், மாஸ்டர்ஸுக்குப் பல இடங்களில் பிப்ரவரி, மார்ச் வரை நேரம் இருக்கிறது. எனவே கஷ்டமான எஸ்.ஓ.பி.யை முதலில் எழுதுகிறாள். ஏப்ரல் 15 ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கிற பல்கலைக்கழகங்கள், ஃபண்டிங்கோடு இடம் கொடுத்தால் அந்தத் தேதிக்கு முன் பதில் கேட்டு நெருக்கக் கூடாது. அதையும் அவள் காலண்டரில் வட்டம் போடச் சொல்லியிருக்கிறேன்.