கார் இல்லாத வீட்டில் ஒரு மடக்கு சைக்கிள்

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் மடியும் சைக்கிள், 20 அங்குலச் சக்கரம், 7 கியர், அலுமினிய ஃபிரேம். எடை 12 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். விலை 380 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. பிராண்டின் பெயரைப் போடவில்லை. இதே ஃபிரேம் மூன்று நான்கு பெயர்களில் கிடைக்கிறது, ஸ்டிக்கர்தான் வேறு. அதோடு, நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி இந்த விலையில் வருகிற எல்லா மடக்கு சைக்கிளிலும் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

நான் இருப்பது சிங்கப்பூரில், செங்காங் பக்கம். தொழில் தமிழ் ட்யூஷன். பிள்ளைகள் என் வீட்டுக்கு வருவதில்லை, நான்தான் வீடு வீடாகப் போகிறேன். ஹவ்காங்கில் இரண்டு வீடு, சிராங்கூன் கார்டன்ஸில் ஒன்று, பொத்தோங் பாசிரில் ஒன்று, ஞாயிறு காலையில் ஜாலான் காயு பக்கம் ஒன்று. தோளில் ஒரு பை. அதற்குள் பயிற்சித்தாள், பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் பழைய கேள்விகள், தண்ணீர் பாட்டில், குடை. இந்தப் பையை மறந்துவிடாதீர்கள், மதிப்புரையில் பாதி இதைப் பற்றித்தான்.

மன்னார்குடியிலிருந்து அம்மா மாதம் ஒரு தடவையாவது கேட்பார்: "சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு சைக்கிள்லயா போற? ஒரு காரு வாங்கக் கூடாதா?" அம்மாவுக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன், இங்கே எழுதி வைக்கிறேன். இந்த ஊரில் காரை வாங்குவதற்கு முன்னால், காரை வைத்துக்கொள்ளும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். சிஓஇ என்பார்கள். 1990இல் வந்த ஏற்பாடு. அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் பத்து வருடம். அதற்குப் பிறகு திரும்பப் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியை ஒப்படைக்க வேண்டும். 2023 அக்டோபரில் சின்ன கார்களுக்கான சான்றிதழ் மட்டுமே 106,000 வெள்ளிக்குப் போனது. பெரிய கார்களுக்கு 150,001. அந்தக் கடைசி ஒரு வெள்ளியைப் பார்த்து என் வீட்டுக்காரர், "மொய் எழுதியிருக்காங்க போல" என்றார். இதில் காரின் விலை சேரவில்லை என்று சொன்னதும் அம்மா பேச்சை மாற்றிவிட்டார்.

காருக்கும் எனக்கும் நடுவில் ரயில் இருக்கிறது, நல்ல ரயில்தான். செங்காங்கில் ஏறினால் ஹவ்காங், சிராங்கூன், பொத்தோங் பாசிர், லிட்டில் இந்தியா எல்லாமே ஒரே தடத்தில் வந்துவிடும். சிக்கல் ரயிலை விட்டு இறங்கிய பிறகு. சிராங்கூன் நிலையத்திலிருந்து கார்டன்ஸ் வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல். பேருந்து உண்டு. ஆனால் காத்திருப்பு, சுற்று, நிறுத்தத்திலிருந்து நடை எல்லாம் சேர்த்தால் இருபத்தைந்து நிமிடம் காலி. நடந்தால் அரை மணி, போய்ச் சேரும்போது புடவை நனைந்திருக்கும், மழையால் அல்ல. இப்போது நிலையத்து வாசலில் சைக்கிளை விரித்தால் பதினோரு நிமிடத்தில் அந்த வீட்டுக் கேட். (புடவையைச் சனிக்கிழமைகளில் விட்டாயிற்று. சல்வார்தான், வலது கால் பக்கம் துணி கிளிப்.)

சனிக்கிழமை வகுப்புகளுக்கு இடையில் இப்படி மிச்சமான நேரத்தில் இன்னொரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள முடிந்தது. சைக்கிளுக்குக் கொடுத்த பணம் ஒரு பள்ளித் தவணைக்குள் வந்துவிட்டது. கணக்குப் பார்ப்பவர்களுக்கு மதிப்புரை இதோடு முடிந்தது, போகலாம்.

மற்றவர்களுக்கு மடிப்பைப் பற்றிச் சொல்கிறேன். மடக்கு சைக்கிள் வாங்குகிறவர்கள் எல்லோரும் அதை ஓட்டித்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான், கடைக்கு முன்னால் இரண்டு வட்டம் அடித்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன். ஆனால் ஒரு நாளில் நான் இதை ஓட்டுவது நாற்பது நிமிடம். மடிப்பது, விரிப்பது, உருட்டுவது, தூக்குவது, கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு நிற்பது எல்லாம் சேர்த்தால் அதைவிட அதிகம்.

மடிப்பு இப்படி. சீட்டை இறக்கு. ஹேண்டில்பார் தண்டின் லீவரைத் திறந்து பக்கவாட்டில் சாய். நடுக்கீலின் கொக்கியைத் தூக்கிவிட்டு, முன்சக்கரத்தைப் பின்சக்கரத்தின் பக்கம் கொண்டுவந்து சேர். இரண்டு அச்சிலும் ஒரு காந்தம், 'டக்' என்று ஒட்டும். முதல் வாரம் எனக்கு மூன்று நிமிடம் ஆனது, இப்போது இருபது விநாடி. அந்த 'டக்' நன்றாக இருக்கிறது, அதன் பிடிதான் போதவில்லை. ரயில் பிரேக் போட்டால் சைக்கிள் மெல்ல வாயைத் திறக்கும். ஒருமுறை அப்படித் திறந்து எதிரில் நின்றவரின் வெள்ளைக் காலுறையில் செயின் கறுப்பைத் தடவிவிட்டது. அன்றிலிருந்து ஒட்டுப்பட்டை ஒன்றை வாங்கி இரண்டு சக்கரத்தையும் சேர்த்துக் கட்டிவிடுகிறேன். இரண்டு வெள்ளி. அதைச் சைக்கிளோடு கொடுத்திருக்கலாம்.

இங்கே மடக்கு சைக்கிளை ரயிலிலும் பேருந்திலும் எந்த நேரத்திலும் கொண்டுபோகலாம். 2016 டிசம்பரில் சோதனையாகத் தொடங்கி, அடுத்த ஆண்டு நிரந்தரம் ஆக்கினார்கள். மடித்த பிறகு 120 சென்டிமீட்டர் நீளம், 70 உயரம், 40 அகலத்துக்குள் இருக்க வேண்டும். என்னுடையது தாராளமாக அடங்குகிறது. பேருந்தில் ஒரு நேரத்தில் ஒன்றுதான், அதுவும் கீழ்த்தளத்தில். நான் ஏறப்போகும் பேருந்தில் ஏற்கனவே ஒருவர் தன்னுடையதோடு நின்றுகொண்டிருந்தால், பேருந்து ஓட்டுநரான கேப்டன் கையை விரிப்பார், நான் அடுத்த வண்டிக்கு நிற்பேன். இது ஓரிரு முறைதான் நடந்தது. வேடிக்கை என்னவென்றால், இத்தனை பெரிய சைக்கிளுக்கு எம்ஆர்டி ரயிலில் இடம் உண்டு, கையகல டுரியான் பழத்துக்குத் தடை.

சட்டம் இடம் கொடுத்தாலும் மாலை ஆறரை மணிக் கூட்டம் கொடுக்காது. பணி முடிந்து வருகிற நேரத்தில் இதோடு உள்ளே நுழைந்தால் பார்க்கிற பார்வையை நானே வாங்கியிருக்கிறேன், அதில் தவறும் இல்லை. முடிந்தவரை ஐந்து மணிக்குள் ஏறிவிடுவேன், இல்லையென்றால் இரண்டு ரயிலை விட்டுவிடுவேன். தினமும் காலை எட்டு மணிக்கு நகருக்குள் போகிற அலுவலகக்காரர்கள் இதை வாங்குவதற்கு முன்னால் நன்றாக யோசிக்க வேண்டும். என் வேலை நேரம் ஊரின் வேலை நேரத்துக்கு எதிர்த்திசையில் ஓடுவதால்தான் எனக்கு ஒத்துவருகிறது.

சரி, குறைகள்.

சீட் தண்டு வழுக்கி இறங்குகிறது. காலையில் சரியான உயரத்தில் வைத்தால் நாலாவது கிலோமீட்டரில் முழங்கால் மார்பில் இடிக்கும். லீவரின் திருகை இறுக்கியபின் பரவாயில்லை. ஒவ்வொரு தடவையும் உயரத்தைத் தேட முடியாது என்று தண்டில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு கோடு போட்டேன். மகள் அதன் கீழே இன்னொரு கோடு போட்டுக்கொண்டாள், அது அவளுடைய உயரம். போன வருடம் இரண்டு கோட்டுக்கும் இடையில் நாலு விரல் இருந்தது, இப்போது ஒரு விரல்.

கேரியர் குட்டை. பையை அதில் கட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடிக்கிறது. முதுகில் மாட்டினால் வியர்வை. கடைசியில் ஹேண்டில்பாருக்கு முன்னால் பை மாட்டும் கொக்கி ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்தினேன். 35 வெள்ளி. இதில் பை ஃபிரேமோடு நிற்கும், ஹேண்டிலோடு திரும்பாது. திருப்பத்தில் கை கனக்காது. இந்த சைக்கிளில் ஃபிரேமின் முன்பக்கம் அந்தக் கொக்கிக்குத் துளைகள் இருக்கின்றன. கடைக்காரர் அதைச் சொல்லவே இல்லை, நானாகத்தான் ஒரு வருடம் கழித்துக் கண்டுபிடித்தேன்.

மூன்றாவது குறை பெரியது. சிராங்கூன் கார்டன்ஸ் முழுக்க ஏற்ற இறக்கம். ஒரு நாள் இறக்கத்தில் வரும்போது ஹேண்டில்பார் தண்டு அரை அங்குலம் முன்னும் பின்னும் ஆடியது. காலை ஊன்றி நிறுத்திப் பார்த்தால், கீழே இருக்கும் லீவர் மூடித்தான் இருக்கிறது, ஆனால் கீல் தேய்ந்து பிடி தளர்ந்துவிட்டது. வாங்கி எட்டு மாதம். கொஞ்சம் வேகமாக வந்திருந்தால் பல் போயிருக்கும். வாங்கிய கடையில் காட்டினேன். பாகம் வரவழைக்க வேண்டும், ஆறு வாரம் ஆகும், அதுவரை ஓட்டாதீர்கள் என்றார்கள். ஆறு வாரம் ஓட்டாமல் இருந்தால் சனிக்கிழமைப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

ஹவ்காங்கில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழே, தண்ணீர்த் தொட்டி அளவு இடத்தில், ஒரு சீனத் தாத்தா சைக்கிள் பழுது பார்க்கிறார். நான் அங்கிள் என்பேன், அவர் என்னை 'சீகு' என்பார், மலாயில் டீச்சர். அவர் லீவரைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்ன நட்டை ஸ்பேனரால் கால் திருப்பு திருப்பினார். மூடிப் பார்த்தார். இன்னும் ஒரு கால் திருப்பு. மூடும்போது உள்ளங்கையில் வலிக்க வேண்டும், வலிக்காமல் மூடினால் தளர்ச்சி என்று என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். ஐந்து வெள்ளி. "மாதம் ஒருமுறை செய்" என்றார். செய்கிறேன். ஆட்டம் திரும்ப வரவில்லை. ஆறு வாரத்தில் வருவதாகச் சொன்ன பாகமும் வரவில்லை.

அவரிடம் கற்ற இன்னொன்று: 20 அங்குலம் என்று எழுதியிருக்கும் சக்கரத்தில் இரண்டு அளவு உண்டு, 406, 451. டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும். ஒன்றுக்கான டயர் மற்றதில் ஏறாது. நான் '20' என்று மட்டும் பார்த்து இணையத்தில் வாங்கிய டயர் இன்னும் படுக்கையறை அலமாரியின் மேல் இருக்கிறது. என்னுடையது 406, விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் அதுதான். இரண்டரை வருடத்தில் மூன்று பஞ்சர், பின்சக்கரத்தில் ஒரு டயர் மாற்றம், இரண்டு ஜோடி பிரேக் கட்டை. மொத்தச் செலவு நூறு வெள்ளியைத் தாண்டவில்லை.

ஓட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சின்னச் சக்கரம், ஒவ்வொரு குழியையும் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத் தெரிவிக்கும். ஏற்றத்துக்கு 7 கியர் போதும். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையில் 25 என்பது விதி. இந்த வண்டியில் இரண்டையும் மீறுவதற்கு ஆசை இருந்தாலும் கால் இடம் தராது. பள்ளி விடும் நேரத்தில் நடைபாதையில் மணி அடிக்காமல் இறங்கி உருட்டிவிடுவேன், அடித்தால் பாட்டிகள் திரும்பிப் பார்த்தபடியே பாதை நடுவில் நின்றுவிடுகிறார்கள்.

ஞாயிறு காலை மட்டும் வேறு கதை. வீட்டிலிருந்து ஜாலான் காயுவுக்கு ரயில் இல்லாமல் நேரே ஓட்டிப் போகிறேன், பெரும்பாலும் ஆற்றோரப் பூங்கா இணைப்புப் பாதை வழியாக. தண்ணீர், நாணல், மீன் பிடிக்கிறவர்கள், நாய்களோடு நடப்பவர்கள். வகுப்பு முடிந்ததும் அங்கே ஒரு பரோட்டா, ஒரு தே, அதாவது டீ. எரித்த கலோரி அப்படியே திரும்பி வந்துவிடும்.

மழை. நவம்பர் முதல் ஜனவரி வரை இங்கே மழை அதிகம், மத்தியான வேளையில் இடியோடு கொட்டும். அந்த மாதங்களில் வாரத்தில் இரண்டு நாளாவது சைக்கிள் வெறும் சுமை. நிலையங்களிலிருந்து புளோக்குகளுக்குக் கூரை போட்ட நடைபாதை இருப்பதால் மடித்து உருட்டிக்கொண்டே போகலாம். அதற்கும் ஒரு குறை இருக்கிறது: மடித்த நிலையில் இது உருளும் லட்சணம் வாடகை வீட்டு அலமாரியைத் தள்ளுவது மாதிரி. சீட்டைப் பாதி உயர்த்திப் பிடித்துக்கொண்டால் கொஞ்சம் தேவலை. நனைந்த சைக்கிளை ரயிலுக்குள் கொண்டுபோவது அடுத்தவருக்குச் செய்யும் கொடுமை என்பதால் பையில் எப்போதும் ஒரு பழைய துண்டு, சீட்டுக்கு ஒரு குளியல் தொப்பி. குளியல் தொப்பியைப் பார்த்துத்தான் பிள்ளைகள் என்னை அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள்.

லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா மார்க்கெட்டுக்கும் இதோடுதான் போகிறேன். வாழையிலை, மீன், கீரை எல்லாம் முன்பையில் அடங்கிவிடும். முருங்கைக்காய் மட்டும் அடங்காது. மடித்த சைக்கிளுக்கு மேலே ஒரு முழம் நீட்டிக்கொண்டு நிற்கும், ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் அதையும் சைக்கிளின் பாகம் என்றே எண்ணியிருப்பார்கள். ஒரு பையன் தொட்டே பார்த்தான்.

திரும்ப வாங்குவேனா? மடக்கு சைக்கிள், ஆமாம். இதே மாடல், இல்லை. 10 கிலோவுக்குக் கீழே வருவது ஒன்றுக்குப் பணம் சேர்க்கிறேன், ஏனென்றால் பொத்தோங் பாசிர் வீட்டில் மின்தூக்கி பழுதாகும் நாளில் அந்த இரண்டு கிலோ நாலாவது மாடி வரை கூடவே வருகிறது. வாங்கப்போகிறவர்கள் கடைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் அன்றாடப் பையை, அன்றாடக் கனத்தோடு எடுத்துக்கொண்டு போங்கள். பையைத் தோளில் மாட்டியபடி மூன்று முறை மடித்து விரியுங்கள். மடித்ததை ஒரு கையால் தூக்கி ஒரு மாடி ஏறி இறங்குங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். அதற்குப் பிறகு ஓட்டிப் பாருங்கள்.