ஏசி ரூம் என்று 32,000 ரூபாய் வாங்கிக்கொண்டு நாயைத் தகரக் கொட்டகையில் கட்டிப்போட்டார்கள்

பெரிய நாய் வளர்க்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். கை நடுங்கிக்கொண்டே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விடுதியில் விடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் பீமன் கிரேட் பைரனீஸ். ஐம்பது கிலோ. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே இருக்கும் மலைகளில் ஓநாயிடமிருந்து ஆட்டு மந்தையைக் காத்த இனம். 'சென்னையில் எதற்கு இந்த நாய்' என்று ஆரம்பிக்காதீர்கள். வெளிநாடு போன குடும்பம் விட்டுச் சென்றதை எடுத்து வளர்க்கிறோம். பகல் முழுக்க ஏசிக்குக் கீழே தூங்கும், விடியுமுன்னும் இரவிலும்தான் வாக்கிங். கரண்ட் பில் பற்றிக் கேட்காதீர்கள்.

வைகாசியில் நாத்தனார் கல்யாணம், தென்காசியில். கத்திரி வெயிலில் அவ்வளவு தூரம் கூட்டிப்போக முடியாது. செல்லப்பிராணிகளுக்கான ஒரு செயலியில் தேடியபோது ஈசிஆர் பக்கம் ஒரு விடுதி கிடைத்தது. நேரில் போனேன். அங்கே இருந்தவர் பீமன் முன்னால் தரையில் உட்கார்ந்து, புறங்கையை முகரக் கொடுத்தார். அப்புறம் பின்னங்காலைத் தூக்கிப் பார்த்து, "ரெட்டை ட்யூக்ளா இருக்கே, அசல் பைரனீஸ் மேடம்" என்றார். இந்த இனத்துக்குப் பின்னங்காலில் உள்பக்கம் இரண்டு கூடுதல் நகவிரல் இருக்கும். சென்னையில் அதைத் தானாகக் கவனித்துச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அங்கேயே நான் விழுந்துவிட்டேன்.

ராத்திரியில் குரைக்கும், அது இதன் ரத்தத்திலேயே இருக்கிறது, மந்தைக் காவல் நாய்க்கு இரவுதான் வேலை நேரம் என்று தெளிவாகச் சொன்னேன். "தனி ரூம் மேடம், கதவை மூடினா சத்தமே வராது. கேமரா இருக்கு, போன்லயே பாருங்க" என்றார். ஏசி ரூமையும் காட்டினார். சாதாரண நாய்க்கு வாங்குவதைப் போல இரண்டு மடங்கு. 32,000 ரூபாய், முழுவதும் முன்பணம்.

கேமரா முதல் நாள் சாயங்காலம் மட்டும் வேலை செய்தது. பிறகு "சர்வர் ப்ராப்ளம்". வீடியோ கேட்டால் வரும், ஆனால் எல்லாவற்றிலும் பின்னால் அதே சிவப்பு பக்கெட், அதே ஈரத்தரை. கல்யாண வீட்டு இரைச்சலில் சந்தேகப்பட நேரம் இல்லை.

திரும்பி வந்து பார்த்தால், பீமனுக்கு மொட்டை! உடம்பு முழுக்க மெஷின் போட்டிருந்தார்கள். "வெயிலுக்கு இதமா இருக்கட்டும்னு செஞ்சோம் மேடம், அதுக்கு சார்ஜ் பண்ணல" என்று சிரிப்பு வேறு. இரட்டை அடுக்கு முடிதான் சூட்டையும் வெயிலையும் தோலுக்கு எட்டாமல் தடுப்பது. அதை வழித்தெடுத்துவிட்டு நாயை வெயிலில் விட்டால் தோல் வெந்துதான் போகும். முதுகில் அப்படித்தான் சிவந்திருந்தது. காதுக்குள் கொத்துக் கொத்தாக உண்ணி.

இரண்டு நாளில் சாப்பாட்டை நிறுத்தியது, காய்ச்சல். வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். உண்ணிக் காய்ச்சல், பிளேட்லெட் அடிமட்டத்தில். இப்போது டாக்ஸிசைக்ளின் ஓடுகிறது, நான்கு வாரம் கொடுக்க வேண்டுமாம்.

விடுதிக்குப் போன் போட்டேன். "உண்ணி உங்க வீட்லேருந்தே வந்திருக்கும்." சேர்க்கும்போது உண்ணி இல்லை என்று டாக்டர் சான்றிதழ் கேட்டு வாங்கியதே அவர்கள்தான்! அதைச் சொன்னதும் "ஓனர் வெளியூர்ல இருக்கார்". மறுநாளும் வெளியூர். அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். அங்கே வேலை பார்க்கும் ஒரு பையன்தான் (அவன் பிழைப்பு கெடக்கூடாது, அடையாளம் சொல்ல மாட்டேன்) உண்மையைச் சொன்னான். ராத்திரி குரைக்கிறது என்று பக்கத்து ரிசார்ட்டில் சத்தம் போட்டதும், பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் கட்டிவிட்டார்களாம். பகலிலும் அங்கேதான். ஏசி ரூமில் யாரோ ஒருவருடைய பக் இனக் குட்டை நாய் இருந்ததாம். 32,000 ரூபாய் கொடுத்தது நான்.

செயலிக்காரர்கள் அதற்கு மேல். "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், நாங்கள் இணைத்து மட்டுமே விடுகிறோம்" என்று புகாரை மூடிவிட்டு, அடுத்த முன்பதிவுக்கு 500 ரூபாய் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். 32,000 எங்கே, 500 எங்கே?

சரி, கவனிக்க வேண்டியவை. முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். முடி வெட்டக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். கேமரா நின்றால் அன்றைக்கே தெரிந்தவர் யாரையாவது நேரில் அனுப்புங்கள். விடுதியின் பின்பக்கத்தையும் பாருங்கள். நிறைய எழுத நினைத்தேன், மருந்துக்கு நேரமாகிவிட்டது, பனீருக்குள் ஒளித்து வைத்தாலும் மாத்திரையை மட்டும் துப்புகிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். 32,000 ரூபாயையும் மருத்துவச் செலவையும் கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப்போகிறேன். ஈசிஆர் விடுதிகளில் இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் ரசீதோடு எனக்கு எழுதுங்கள்.