படமா, பாடமா, அடைவா: நெப்போலியன் காலப் போர்களுக்கு ஓர் எண்ணிமத் தொகுப்பு

நெப்போலியன் காலப் போர்களைப் பற்றிய ஆவணங்களைத் திரட்டி, மாணவரும் ஆய்வாளரும் எடுத்தாளத்தக்க எண்ணிம உசாத்துணைத் தொகுப்பாக ஆக்க நினைப்பவர் முன் மூன்று வழிகள் உள்ளன. பக்கங்களைப் படமெடுத்து அப்படியே வைப்பது முதல் வழி. அந்தப் படங்களை எழுத்துணரி மென்பொருளுக்குக் கொடுத்து, தேடக்கூடிய பாடமாக மாற்றுவது இரண்டாவது. குறைவான ஆவணங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் வரும் நாள், இடம், ஆள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு அடைவு செய்வது மூன்றாவது. பணமும் ஆள்பலமும் அளவாக உள்ள சிறு குழு மூன்றாவதையே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது என் முடிவு; அதற்கான காரணங்கள் பெரும்பாலும் இந்தப் போர்க்காலத்தின் இயல்பிலேயே இருக்கின்றன.

படத்தொகுப்பின் பெரிய பலம் நேர்மை. அடித்துத் திருத்திய வரி, ஓரக்குறிப்பு, முத்திரை, தாளின் கிழிசல் எல்லாம் கண்முன்னே நிற்கும். செலவும் இன்று பெரிதல்ல: ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வண்ணத்தில் சுருக்காமல் வைத்தால் ஏறத்தாழ 26 மெகாபைட் வரும், ஆயிரம் பக்கங்கள் 26 கிகாபைட்டில் அடங்கிவிடும். ஆனால் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது முன்பே தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும்.

எழுத்துணரி அந்தக் குறையைத் தீர்க்கும் என்று நம்பித்தான் பலரும் இரண்டாம் வழிக்குப் போகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் அச்சான பிரெஞ்சு நூல்களில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஜெர்மானிய ஃப்ராக்டூர் அச்சில் நெடிய ‘எஸ்’ எழுத்தும் ‘எஃப்’ எழுத்தும் ஒன்றுபோலவே இருப்பதால் இரண்டையும் மாற்றிப் படித்துவிடும். கையெழுத்துக் கடிதங்களைப் படிக்க டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கருவிகள் இருந்தாலும், மெய்ப்புப் பார்க்கும் கண் தேவைப்படாமல் போவதில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது எழுத்து சரியாக வந்தால்கூட, இரண்டாயிரம் எழுத்துள்ள பக்கத்தில் இருபது பிழை நிற்கும். அகராதியில் இல்லாத ஊர்ப்பெயரிலும் ஆள்பெயரிலும் அந்தப் பிழைகள் எளிதில் சிக்கிக்கொள்ளும். தேட வருபவர் தட்டச்சு செய்வதோ அந்தப் பெயர்களைத்தான்.

பாடம் முழுவதும் பிழையின்றி அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்தக் காலகட்டம் தேடுபவரைக் கைவிட்டுவிடும். ஆஸ்டர்லிட்ஸ் போர் 1805 டிசம்பர் 2இல் நடந்தது. பிரெஞ்சுப் புரட்சி தனக்கென வகுத்துக்கொண்ட நாட்காட்டி பிரான்சில் 1806 ஜனவரி 1இல்தான் கைவிடப்பட்டது என்பதால், அந்த நாள் பிரெஞ்சுத் தாள்களில் அந்த நாட்காட்டியின்படி 14ஆம் ஆண்டு ஃப்ரிமேர் மாதம் 11 என்றும் வரலாம். ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றிய ரஷ்யர்களுக்கோ அது நவம்பர் 20. மூன்றும் ஒரே நாள் என்பதை எந்த எழுத்துணரியும் சொல்லாது. தாளில் உள்ள எண்களை நம்பி வரிசைப்படுத்தும் தொகுப்பில், 1812இன் போரோடினோ போர் பற்றிய ரஷ்ய ஆவணம் ஆகஸ்ட் 26இலும் பிரெஞ்சு ஆவணம் செப்டம்பர் 7இலும் போய் உட்காரும். ஒரே பகலில் இரு தரப்பும் எழுதியவற்றுக்கிடையே பன்னிரண்டு நாள் பொய்யாக முளைத்துவிடும்.

ஊர்ப்பெயர்கள் இதைவிடக் கடினமானவை. போரோடினோவைப் பிரெஞ்சுக்காரர்கள் மாஸ்க்வா ஆற்றின் பெயரால் குறித்தார்கள். வாட்டர்லூவை அவர்கள் மோன்-சேன்-ஜான் என்றும், பிரஷ்யர்கள் பெல்-அலியான்ஸ் என்றும் எழுதினார்கள். ஆஸ்டர்லிட்ஸ் இன்று செக் நாட்டின் ஸ்லாவ்கோவ். ஐலாவ், ஃப்ரீட்லாந்து, டில்சிட் மூன்றும் ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதியில் பக்ராட்டியோனோவ்ஸ்க், பிராவ்டின்ஸ்க், சோவியெட்ஸ்க் என்று பெயர் மாறியிருக்கின்றன. ஆட்களும் அப்படியே. ஆஸ்டர்லிட்ஸில் பிரெஞ்சு மார்ஷலாக நின்ற பெர்னடோட், 1806இல் பொன்டே கோர்வோ இளவரசர் ஆனார், 1810இல் ஸ்வீடனின் பட்டத்து இளவரசர் கார்ல் யோஹான் ஆனார், 1813இல் லைப்சிக்கில் நெப்போலியனை எதிர்த்து நின்றார். மூன்று பெயர்களுக்கும் ஒரே அடையாள எண் கொடுக்காத தொகுப்பு, அவரை மூன்று மனிதராக்கிவிடும்.

எந்தப் பதிப்பைப் படமெடுப்பது என்ற கேள்வியும் இங்கேயே எழுகிறது. நெப்போலியனின் தம்பி மகனான மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் 1858 முதல் 32 தொகுதிகளாக வெளிவந்த நெப்போலியன் கடிதங்களில் ஏறத்தாழ 22,000 கடிதங்கள் உள்ளன. பதிப்புரிமைத் தடை இல்லை, எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் பிற்பகுதியைத் தொகுத்த குழு, பேரரசர் உயிரோடிருந்தால் எதை உலகுக்குக் காட்டியிருப்பாரோ அதையே வெளியிடுவதாக வெளிப்படையாகவே எழுதியது. 2004 முதல் 2018 வரை நெப்போலியன் அறக்கட்டளை 15 தொகுதிகளாகக் கொண்டுவந்த புதிய பதிப்பில் 40,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் இருக்கின்றன. அதை அப்படியே நகலெடுத்து வெளியிட உரிமை கிடையாது. என்றாலும் பழைய பதிப்பில் விடுபட்டவை எவை என்ற பட்டியலை அதன் துணையோடு தயாரித்து, அடைவில் சேர்க்க முடியும். வெறும் படத்தொகுப்பில் விடுபட்ட கடிதத்துக்கு இடமே இல்லை.

கால எல்லையைப் பற்றியும் ஒரு சொல். நெப்போலியன் காலப் போர்கள் தொடங்கியதாகப் பொதுவாகக் கொள்ளப்படும் 1803இல் தொடங்கினால் தொகுப்பு கச்சிதமாக இருக்கும். அதற்கு முந்தைய பிரெஞ்சுப் புரட்சிப் போர்கள் மூண்ட 1792இல் தொடங்கினால்தான் 1793இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்ததும், 1795இல் திருகோணமலையையும் 1796இல் கொழும்பையும் டச்சுக்காரரிடமிருந்து பறித்ததும், 1802 ஆமியேன் உடன்படிக்கை இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆங்கிலேயருக்கே உறுதிசெய்ததும் உள்ளே வரும். தமிழ் வாசகருக்காகத் தொகுப்பவர் இவற்றை வெளியே விடலாகாது.

மூன்றாம் வழி மெதுவானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு கடிதத்தில் பத்து ஊர்கள் வந்தால் பத்தையும் வரைபடத்தில் தேடிப் பொருத்த வேண்டும். தவறாகப் பொருத்திவிட்டால், பின்னால் வருபவர் அதையே ஆதாரமாகக் கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஆகவே ஆவணத்தில் உள்ள வடிவமும் நாம் கண்டறிந்த வடிவமும் தனித்தனிக் கட்டங்களில் நிற்க வேண்டும். பக்கத்தின் படமும் பதிவோடு இணைந்திருக்க வேண்டும்.

தொடங்குவதற்கு 1812 ரஷ்யப் படையெடுப்பைப் பரிந்துரைப்பேன். அதிலும் தன் படையின் பேரழிவை ஒப்புக்கொண்டுவிட்டு, பேரரசரின் உடல்நலம் இதைவிட நன்றாக இருந்ததே இல்லை என்று முடியும் நெப்போலியனின் 29ஆம் படைச் செய்தியறிக்கையை முதல் பதிவாக வைக்கலாம். நாள், ஆவணத்தில்: 1812 டிசம்பர் 3. ரஷ்யக் கணக்கில்: நவம்பர் 21. இடம், ஆவணத்தில்: மொலோடெச்னோ. இன்று: பெலாரூஸ் நாட்டின் மலாட்செச்னா. இந்த நான்கு கட்டங்களையும் நிரப்பிய பிறகு அடுத்த தாளை எடுக்கலாம்.